அமெரிக்காவில் 'தேசிய விடுமுறை' என்று ஒன்று உண்டா?

அது அக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை. நான் நியூ ஜெர்சிக்குக் குடிவந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. காலையில் பள்ளிப் பேருந்து வழக்கம்போல் வந்து தெருமுனையில் நின்ற பிள்ளைகளை ஏற்றிச் சென்றது. குப்பை வண்டியும் தன் நேரத்துக்கு வந்து போனது. ஊருக்கு அனுப்ப வேண்டிய பத்திரங்களை உறையில் இட்டு எடுத்துக்கொண்டு அஞ்சலகத்துக்குப் போனால், கதவு பூட்டிக் கிடந்தது. பக்கத்திலிருந்த வங்கியும் பூட்டியிருந்தது. இரண்டு கடை தள்ளி இருந்த இந்திய மளிகைக் கடையில் மட்டும் அன்றைக்குத்தான் முருங்கைக்காய் வந்து இறங்கியிருந்ததால் நல்ல கூட்டம். கல்லாவில் இருந்தவரிடம் விசாரித்தேன். "இன்றைக்குக் கொலம்பஸ் டே, பெடரல் ஹாலிடே" என்றார். "அப்படியென்றால் உங்கள் கடைக்கு லீவு இல்லையா?" என்று கேட்டதற்கு, "அது கவர்மெண்டுக்குத்தானே, கடைக்கு ஏது?" என்று சொல்லிவிட்டு அடுத்தவரின் பையை எடைபோடத் தொடங்கினார்.

அவர் சொன்னது சட்டப்படியும் சரியே என்பது பின்னாளில்தான் எனக்கு விளங்கியது. நாடு முழுவதையும், அதில் உள்ள எல்லாரையும் கட்டுப்படுத்தும் தேசிய விடுமுறை என்ற ஒன்று அமெரிக்கச் சட்டத்தில் இல்லை. 'பெடரல் விடுமுறை' என்பது, வாஷிங்டனில் உள்ள மைய அரசு, ஒரு முதலாளி என்ற முறையில், தன்னிடம் வேலை பார்க்கும் ஊழியர்களுக்கு ஊதியத்துடன் அளிக்கும் விடுப்பு. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்த நாள்களின் பட்டியல் அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே இது புரிந்துவிடும். அரசு அமைப்பையும் அரசு ஊழியர்களையும் பற்றிய ஐந்தாம் தலைப்பில், 'வேலை நேரம்' என்ற அத்தியாயத்தில், 6103ஆம் பிரிவாக அது இடம்பெற்றிருக்கிறது. தேசியக் கொடிக்கும் தேசிய கீதத்துக்கும் உரிய சட்டங்கள் வேறு தலைப்பில் உள்ளன. சுதந்திர நாளும் கிறிஸ்துமஸும் இங்கே, ஊழியரின் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

தமிழ்நாட்டிலிருந்து வருபவருக்கு இது விசித்திரமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அங்கே குடியரசு நாளன்றும் சுதந்திர நாளன்றும் தொழிற்சாலைகள்கூட ஊதியத்துடன் விடுமுறை அளிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழிலாளர் தரச் சட்டம் குறைந்தபட்ச ஊதியத்தையும் மிகை நேர ஊதியத்தையும் வரையறுக்கிறதே தவிர, வேலை செய்யாத நாளுக்கு, அது நாட்டின் சுதந்திர நாளான ஜூலை 4ஆகவே இருந்தாலும், ஊதியம் தர வேண்டும் என்று தனியார் முதலாளியைக் கட்டாயப்படுத்துவதில்லை. நிறுவனம் தன் விருப்பத்தின் பேரிலோ தொழிற்சங்க ஒப்பந்தத்தின் பேரிலோ விடுமுறை தருகிறது. மென்பொருள் அலுவலகத்தில் இருப்பவருக்கு ஆண்டுக்குப் பத்து நாள் கிடைப்பதும், அவருக்குக் காப்பி ஊற்றித் தரும் கடைப் பையனுக்கு ஒன்றுமே கிடைக்காமல் போவதும் இதனால்தான். விதிவிலக்கு இல்லாமலும் இல்லை: மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், மேய்ன் ஆகிய மூன்று மாநிலங்களில் நவம்பரில் வரும் நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) நாளன்று பெரிய கடைகள் திறக்கப் பழைய சட்டங்கள் தடை விதிக்கின்றன.

இந்தப் பட்டியல் பிறந்தது 1870ஆம் ஆண்டில். அந்த ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டம் புத்தாண்டு, ஜூலை 4, கிறிஸ்துமஸ், அதிபர் அறிவிக்கும் நன்றி நவிலல் நாள் ஆகிய நான்கையும் விடுமுறையாக்கியது. அதுவும் தலைநகரில் பணிபுரிந்த ஊழியர்களுக்கு மட்டும். சுற்றியிருந்த மாநிலங்கள் ஏற்கெனவே அந்நாள்களை விடுமுறையாகக் கொண்டிருந்தபடியால், அவற்றோடு ஒத்துப்போக வேண்டும் என்பதே நோக்கம். 1885இல்தான் விடுமுறைச் சலுகை தலைநகருக்கு வெளியே இருந்த மைய அரசு ஊழியர்களுக்கும் விரிந்தது. 1894இல் தொழிலாளர் நாள் சேர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கூடி இன்று பதினொன்றாக நிற்கிறது. அதிபர் பதவியேற்கும் ஜனவரி 20, நான்காண்டுக்கு ஒருமுறை, தலைநகர் வட்டாரத்து ஊழியர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு நாள்.

அப்படியானால் மற்றவர்களுக்கு எப்படி விடுமுறை வாய்க்கிறது? இது ஒரு சங்கிலி. அஞ்சல் துறை மைய அரசைச் சேர்ந்தது என்பதால் கடிதம் வராது. மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் மூடப்படுவதால் வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றம் நின்றுவிடுகிறது. ஆகவே பெரும்பாலான வங்கிகளும் மூடிக்கொள்கின்றன. வங்கி மூடினால் சில அலுவலகங்கள் மூடுகின்றன. இந்தச் சங்கிலி எந்த இடத்தில் அறும் என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. நியூயார்க் பங்குச் சந்தை பெடரல் விடுமுறையான கொலம்பஸ் நாளன்று திறந்திருக்கும். பெடரல் பட்டியலில் இல்லாத பெரிய வெள்ளியன்று மூடியிருக்கும். விடுமுறை சனிக்கிழமையில் வந்துவிட்டால் மைய அரசு ஊழியர்களுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை விடுப்பு. ஆனால் பெடரல் ரிசர்வ் வங்கிகள் அந்த வெள்ளியன்று திறந்தே இருக்கும். பணம் அனுப்பக் காத்திருப்பவர்கள் இந்த ஒரு விதியை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மைய அரசுக்கு அடுத்து ஐம்பது மாநிலங்களும் தத்தம் பட்டியலைத் தாமே வகுத்துக்கொள்கின்றன. மாநில அலுவலகங்களும் மாநில நீதிமன்றங்களும் அதன்படி நடக்கின்றன. பள்ளிகளோ பெரும்பாலும் அந்தந்தப் பள்ளி மாவட்டத்தின் முடிவுக்கு விடப்படுகின்றன. ஆகவே மாநிலத்துக்கு மாநிலம் வரலாறு வேறு வேறு நாளில் கொண்டாடப்படுகிறது. மாசசூசெட்ஸில் ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது திங்கள் 'தேசபக்தர் நாள்': 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் நடந்த, அமெரிக்க விடுதலைப் போரின் முதல் சண்டைகளின் நினைவு. பாஸ்டன் மாரத்தான் ஓட்டமும் அன்றுதான். ஹவாயில் ஜூன் 11 அரசர் கமேஹமேஹாவின் நாள். யூட்டாவில் ஜூலை 24 முன்னோடிகள் நாள். ஆபிரகாம் லிங்கனின் பிறந்தநாளான பிப்ரவரி 12 இல்லினாய் மாநிலத்தில் விடுமுறை. மைய அரசோ அதை ஒருபோதும் விடுமுறையாக்கியதில்லை. உள்நாட்டுப் போரில் ஒன்றியத்தைக் காத்தவருக்கு அந்த ஒன்றியத்தின் பட்டியலில் இடமில்லை என்பது எனக்கு இன்றும் ஜீரணமாகாத செய்தி.

மாநிலங்கள் மைய அரசின் சொல்லைக் கேட்டே ஆக வேண்டியதில்லை என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு 1939ஆம் ஆண்டு. லிங்கன் 1863இல் விடுத்த அறிவிப்பிலிருந்து நவம்பரின் கடைசி வியாழனே நன்றி நவிலல் நாள் என்று வழக்கமாகியிருந்தது. 1939இல் நவம்பரில் ஐந்து வியாழன்கள் வந்தன. கடைசி வியாழன் 30ஆம் தேதி. நன்றி நவிலல் முடிந்த பிறகே மக்கள் கிறிஸ்துமஸுக்குப் பொருள் வாங்கத் தொடங்குவார்கள் என்பதால், விற்பனை நாள்கள் குறைந்துவிடும் என்று வணிகர்கள் முறையிட்டார்கள். அதிபர் பிராங்ளின் ரூஸ்வெல்ட் நாளை ஒரு வாரம் முன்னே தள்ளி 23ஆம் தேதி என்று அறிவித்தார். அன்றிருந்த 48 மாநிலங்களில் 23 அதை ஏற்றன. 22 பழைய நாளையே பிடித்துக்கொண்டன. டெக்சாஸ் உள்ளிட்ட மூன்று மாநிலங்கள் வம்பே வேண்டாம் என்று இரண்டு நாளையும் கொண்டாடின. உறவினர் ஒரு மாநிலத்திலும் தாம் இன்னொரு மாநிலத்திலும் இருந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து வான்கோழி விருந்து உண்ண முடியாமல் போயிற்று. கடைசியில் 1941 டிசம்பரில், நவம்பரின் நான்காவது வியாழன் என்று காங்கிரஸ் சட்டமியற்றி வழக்கை முடித்தது.

திங்கட்கிழமைகளின் கதையும் இதைப் போன்றதே. வார நடுவில் வரும் விடுமுறை தொழிற்சாலைக்கும் இடைஞ்சல், குடும்பத்துக்கும் பயனில்லை என்ற எண்ணத்தில், 1968இல் ஒரு சீரமைப்புச் சட்டம் வந்தது. வாஷிங்டன் பிறந்தநாள், போரில் இறந்தோர் நினைவுநாள், முன்னாள் படைவீரர் நாள் ஆகிய மூன்றையும் 1971 முதல் திங்கட்கிழமைக்கு மாற்றிய அச்சட்டம், கொலம்பஸ் நாளையும் ஒரு திங்கட்கிழமையில் புதிதாகச் சேர்த்தது. இதில் விளைந்த வேடிக்கை ஒன்று உண்டு. வாஷிங்டன் பிறந்தது பிப்ரவரி 22. அந்த மாதத்தின் மூன்றாவது திங்கள் 15ஆம் தேதிக்கு முன்பும் வர முடியாது, 21ஆம் தேதிக்குப் பின்பும் வர முடியாது. ஆக, வாஷிங்டனின் பிறந்தநாள் விடுமுறை அவர் பிறந்த தேதியில் என்றைக்குமே வாராது. கடைகளும் நாள்காட்டிகளும் அதை 'அதிபர்கள் நாள்' என்று சொன்னாலும் மைய அரசின் சட்டத்தில் இன்றும் அதன் பெயர் வாஷிங்டன் பிறந்தநாள்தான். செனட் சபையில் ஓர் உறுப்பினர் வாஷிங்டனின் பிரியாவிடை உரையை முழுவதும் வாசிக்கும் மரபு 1896 முதல் ஆண்டுதோறும் தொடர்கிறது. சபைக்கு வெளியே அந்த வார இறுதி, மெத்தைக்கும் காருக்கும் தள்ளுபடி அறிவிக்கும் காலமாகிவிட்டது.

முன்னாள் படைவீரர் நாள் விஷயத்தில் மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 1918இல் பதினோராம் மாதத்தின் பதினோராம் நாள் பதினோரு மணிக்கு முதல் உலகப் போரின் துப்பாக்கிகள் ஓய்ந்ததை நினைவுகூர்வதற்கென்றே ஏற்பட்ட நாள் அது. அதை அக்டோபர் மாதத்தின் நான்காவது திங்களுக்கு நகர்த்தினால் எந்தப் போர்வீரருக்குப் பொறுக்கும்? பெரும்பாலான மாநிலங்கள் நவம்பர் 11ஐயே தொடர்ந்து கடைப்பிடித்தன. 1978 முதல் மைய அரசும் பழைய தேதிக்குத் திரும்பியது. இப்போது அது செவ்வாயில் வந்தாலும் வியாழனில் வந்தாலும் அன்றைக்கே விடுமுறை.

மே மாதக் கடைசித் திங்களில் வரும் நினைவுநாளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் புதிதாக வருபவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். நானும் ஓர் ஆண்டு, தம்பியைப் போரில் இழந்த அண்டை வீட்டுப் பெரியவருக்கு மே மாதத்தில் 'வாழ்த்துகள்' என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். நவம்பர் நாள் படையில் பணியாற்றிய அனைவருக்குமானது. மே மாத நினைவுநாள் களத்தில் இறந்தவர்களுக்கு மட்டுமானது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1868 மே 30 அன்று வீரர்களின் கல்லறைகளுக்குப் பூச்சூட்டும் நாளாக அது பரவலாகத் தொடங்கியது. இன்றும் அதற்கு முந்தைய வாரத்தில் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் படைவீரர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட நடுகற்களின் முன் சிறு கொடிகளை நட்டுச் செல்கிறார்கள். கல்லின் அடியில் தன் காலணியின் முனையை வைத்து, ஒரு காலணி நீளம் தள்ளிக் கொடியை ஊன்றுகிறார்கள். அளவுகோல் அந்தக் காலணிதான். நினைவுநாள் காலையில் கொடிக்கம்பங்களில் கொடியை முதலில் உச்சிவரை விரைவாக ஏற்றி, பிறகு மெதுவாக அரைக்கம்பத்துக்கு இறக்குகிறார்கள். நண்பகல் வரை அது அங்கேயே நிற்கும். அதன்பின் மறுபடி உச்சிக்கு ஏறும். எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் முன்னால் நின்று இதை ஒருமுறை முழுவதும் பார்த்தேன். கயிற்றைப் பிடித்திருந்தவர் பன்னிரண்டு அடிக்கும் வரை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றார்.

விடுமுறை என்பது ஊழியருக்கான விடுப்பு மட்டுமே என்றால், அதற்காக இவ்வளவு பெரிய சண்டைகள் ஏன் நடந்தன என்ற கேள்வி எழும். சட்டத்தின் சொல் சிறியது. ஆனால் யாருடைய பெயரால் அரசு தன் கதவைச் சாத்துகிறது என்பது சிறிய செய்தி அன்று. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்டார். நான்கே நாளில் காங்கிரஸ் உறுப்பினர் ஜான் கான்யர்ஸ் விடுமுறைக்கான மசோதாவைக் கொண்டுவந்தார். அது சட்டமாகப் பதினைந்து ஆண்டு பிடித்தது. 1979இல் பிரதிநிதிகள் சபையில் ஐந்து வாக்கு குறைந்ததால் தோற்றது. 1983 நவம்பரில் அதிபர் ரீகன் கையெழுத்திட, 1986இல் முதல்முறையாக அந்நாள் கடைப்பிடிக்கப்பட்டது.

ஆனால் அது வாஷிங்டனின் முடிவு மட்டுமே. மாநிலங்கள் ஒவ்வொன்றாக இணங்க வேண்டியிருந்தது. அரிசோனாவில் ஓர் ஆளுநர் அறிவித்த விடுமுறையை அடுத்து வந்த ஆளுநர் 1987இல் ரத்து செய்தார். 1990இல் வாக்காளர்களும் அதை நிராகரித்தபோது, 1993ஆம் ஆண்டின் சூப்பர் பவுல் கால்பந்து இறுதிப் போட்டியை அம்மாநிலத்திலிருந்து கலிபோர்னியாவுக்கு மாற்றியது தேசியக் கால்பந்து சங்கம். 1992இல் அரிசோனா மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். தென் கரோலினா தன் ஊழியர்களுக்கு அந்நாளைக் கட்டாய விடுமுறையாக்கியது 2000ஆம் ஆண்டில். அதுவரை அவர்கள் கிங் நாளையோ, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் நினைவுநாள் ஒன்றையோ தேர்ந்துகொள்ளலாம் என்றிருந்தது.

எல்லாவற்றிலும் விசித்திரமானது வர்ஜீனியா. தென் மாநிலப் படைத் தளபதிகளான ராபர்ட் லீயும் ஸ்டோன்வால் ஜாக்சனும் ஜனவரியில் பிறந்தவர்கள்; கிங்கும் ஜனவரியில் பிறந்தவர். ஆகவே 1984 முதல் 2000 வரை அம்மாநிலத்தில் 'லீ - ஜாக்சன் - கிங் நாள்' என்று ஒரே நாளில் மூவருக்கும் விடுமுறை! கிங்கின் முன்னோரை அடிமைகளாக வைத்திருப்பதற்காகப் போரிட்டவர்களோடு அவரை ஒரே வரியில் எழுதியவர்களுக்குக் கை கூசவில்லையா என்று தோன்றும். பிறகு இரண்டு நாளாகப் பிரித்தார்கள். 2020இல் லீ - ஜாக்சன் நாளை நீக்கிவிட்டு, அதற்கு ஈடாகத் தேர்தல் நாளை மாநில விடுமுறையாக்கினார்கள். அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் லீயும் கிங்கும் இன்றும் ஒரே திங்கட்கிழமையைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

தேர்தல் நாள் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அது பெடரல் விடுமுறை அன்று. நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய் என்று 1845இல் சட்டம் வகுத்தார்கள். அறுவடை முடிந்திருக்கும், ஞாயிறு தேவாலயத்துக்கு, திங்கள் குதிரை வண்டியில் மாவட்டத் தலைநகருக்குப் பயணம், செவ்வாய் வாக்கு. உழவர்களின் வசதிக்காக ஏற்பட்ட அந்தக் கிழமை, நேரக் கூலிக்கு வேலை செய்யும் இன்றைய தொழிலாளிக்கு வசதியாக இல்லை. சில மாநிலங்கள் விடுமுறை தருகின்றன, சில வாக்களிக்க இரண்டொரு மணி நேர அனுமதி தருகின்றன, பல மாநிலங்களில் முன்கூட்டியே வாக்களிக்கும் ஏற்பாடு உண்டு.

பட்டியலில் கடைசியாகச் சேர்ந்தது ஜூன்டீன்த், அதாவது ஜூன் 19. லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி முதல் நாளே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் ஒன்றியப் படை போய்ச் சேராத இடத்தில் அது வெறும் காகிதம். 1865 ஜூன் 19 அன்று ஜெனரல் கார்டன் கிரேஞ்சர் டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் அந்த ஆணையை வெளியிட்டபோதுதான் அங்கிருந்த அடிமைகளுக்கு விடுதலை நடைமுறையானது. கறுப்பின மக்கள் தாமாகவே கொண்டாடிவந்த அந்நாளை டெக்சாஸ் 1980இல் மாநில விடுமுறையாக்கியது. 2021 ஜூன் 17, வியாழனன்று அதிபர் பைடன் பெடரல் சட்டத்தில் கையெழுத்திட்டார். 19ஆம் தேதி சனிக்கிழமை என்பதால் விடுப்பு மறுநாளே, வெள்ளியன்று வந்துவிட்டது! மைய அரசு ஊழியர்கள் பலர் மாலையில் வீடு திரும்பும்போதுதான் நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்று அறிந்தார்கள். அஞ்சல் துறை ஒரே நாளில் நிறுத்த இயலாமல் அந்த ஆண்டு வழக்கம்போல் இயங்கியது. பங்குச் சந்தை அடுத்த ஆண்டிலிருந்துதான் மூடத் தொடங்கியது.

என் முதல் அக்டோபரில் பூட்டிக் கிடந்த கதவின் பெயரும் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. கொலம்பஸின் வருகையால் அழிந்தவர்களின் பக்கம் நின்று, கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் 1992இல் அதைப் பழங்குடி மக்கள் நாள் என்று கடைப்பிடிக்கத் தொடங்கியது. பல நகரங்களும் மாநிலங்களும் பின்தொடர்ந்தன. பெடரல் சட்டத்தில் பெயர் மாறவில்லை. இத்தாலிய அமெரிக்கர்கள் பலருக்கு அது தம் குடியேற்றத்தின் பெருமை நாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த அமைப்பின் வழியாகத்தான் தீபாவளியும் உள்ளே வருகிறது. நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகளுக்குத் தீபாவளி விடுமுறை என்று 2023இல் மாநிலச் சட்டம் வந்தது. பென்சில்வேனியா 2024இல் அதை மாநில விடுமுறையாக அங்கீகரித்தது. ஆனால் அதற்காக அலுவலகங்களோ பள்ளிகளோ மூட வேண்டியதில்லை. கலிபோர்னியா 2025இல் இயற்றிய சட்டம் பள்ளிகள் விரும்பினால் மூடிக்கொள்ள இடமளிக்கிறது. மூன்றுக்கும் செய்தித் தலைப்பு 'தீபாவளிக்கு விடுமுறை' என்றே வந்தது. மூன்றும் ஒன்றல்ல என்பது இதுவரை படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பள்ளி மாவட்டத்தின் நாள்காட்டி ஒன்றும், அலுவலகத்தின் பட்டியல் ஒன்றும், அஞ்சல் துறையின் பட்டியல் ஒன்றும் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. "நாளைக்கு லீவா?" என்று யார் கேட்டாலும், "யாருக்கு?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் அதன் பக்கம் போகிறேன்.